டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மெடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அதன் நெற்களத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடுகிறோம். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரிப்போம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் மெடல்களைக் கொண்டுவந்து அதன்மேல் வைப்பார்கள். ஒருவர் ஒரு மெடலை எடுத்து, அது தன்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்வார். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது. ஒலிபெருக்கியும் கிடையாது, காது மந்தமானவர்கள் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள்.

வருகிறவர்களும் வர நினைக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் அப்பா வீரச் சக்கரம் எதுவும் வாங்கவில்லை. அவரை அழைத்து வரலாமா?

முதலில் அவரைத்தான் அழைத்து வர வேண்டும்.

போர்க்கால வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. அதற்கடுத்தவை மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. போரில்லாத காலத்து வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா. இவற்றைப் பெற்றவர்களின் கதைகள் அரசிதழிலும் செய்தித்தாளிலும் பதிவாகிவிட்டன. ஷோபியானில் 2014 ஏப்ரலில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாத தமிழர் இன்று குறைவு. பட்டாலிக் மலையில் 1999 மே மாதம் விழுந்த மேஜர் மாரியப்பன் சரவணனைத் திருச்சிக்காரர்கள் மறக்கவில்லை.

மற்ற லட்சக்கணக்கானவர்களின் மார்பில் இருப்பவை சேவைப் பதக்கங்கள். சைன்ய சேவா மெடல், ரக்ஷா மெடல், சங்ராம் மெடல், 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள். 'வேலைக்கு வந்ததற்கு வருகைப் பதிவு மாதிரி கொடுத்தது' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பல சமயம் மெடல்காரரே அப்படித்தான் சொல்வார்.

ஒருவர் அந்தியூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் சமையல்காரர். இமயமலையில் 16,000 அடி உயரத்து முகாம் ஒன்றில் நாற்பது பேருக்குப் பொங்கிப் போட்டவர். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எத்தனை நேரம் கொதித்தாலும் அரிசி நடுவில் கல்லாகவே நிற்கும், குக்கர் இல்லாமல் சோறு கிடையாது. குளிரில் குக்கரின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. நான்கு நாட்கள் நாற்பது பேரும் அரைவேக்காட்டுச் சோறு தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஐந்தாம் நாள் இவரே இறங்கி நடந்தார். வளையத்தை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏறினார். வெளியே வைத்தால் அதுவும் வெடித்துவிடும் என்ற பயம். வளையம் வந்து சேர்ந்தது. பனிக்கடியில் இடது காலின் இரண்டு விரல்கள் போயின. அவரிடம் இருப்பது ஒரே ஒரு சைன்ய சேவா மெடல். களத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபோதுதான் அவருடைய மகனே விரல்களின் கதையைக் கேட்டார். 'வயலில் மண்வெட்டி பட்டது என்றுதானே சொன்னீர்கள்?' என்றார் மகன். 'உன் அம்மாவுக்குச் சொன்னது அது' என்றார் பெரியவர்.

நம் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் குறைவாயிற்றே? இங்கே இதற்கு எங்கே ஆள் கிடைப்பார்கள்?

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அதுபோல ஊரே திரண்டு போன கதை இங்கே அபூர்வம்தான். தோட்டம், தறி, மில் என்று கைக்கு வேலை இருந்த சீமை இது. ஆனால் ஊருக்கு ஒருவர் இருவர் போயிருக்கிறார்கள். 'மிலிட்டரிக்காரர் வீட்டுக்கு எதிர்ச்சந்து' என்று வழி சொல்வது உங்கள் ஊரிலும் இருக்கும். வெலிங்டன் நமக்குத் தொலைவில்லை. மேட்டுப்பாளையத்தில் மலையேறினால் 1758இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் வந்துவிடும். பெங்களூரில் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொங்குச் சீமையில் ஊருக்கு வெளியே புலிகுத்திக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பாய்கிற புலியின் வாய்க்கு நேரே ஒருவன் ஈட்டியை இறக்குவான். சிலவற்றில் பக்கத்தில் மனைவியும் நிற்பாள். பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவன் என்பது கல்லைப் பார்த்தாலே தெரியும். அவன் பெயர் பெரும்பாலும் தெரியாது. மெடலில் இது அப்படியே தலைகீழ். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அவன் என்ன செய்தான் என்பதற்கு ஒரு கோடுகூட இருக்காது. அதை யாராவது வாயால் சொன்னால்தான் உண்டு. இந்தக் கூட்டம் தொடங்கியதே அதற்காகத்தான்.

அப்பா இறந்துவிட்டார். மெடல் மட்டும் இருக்கிறது, ஒரு காகிதமும் இல்லை. அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு வெயிலில் உட்காருங்கள்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நம் மெடல்களில் வழக்கமாகப் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். 'எஸ்.பி.ஆர்.' என்றிருந்தால் சாப்பர், அதாவது பொறியாளர் படை. 'ஜி.என்.ஆர்.' என்றால் கன்னர், பீரங்கிப் படை. 'எஸ்.இ.பி.' என்றால் சிப்பாய். பெயரைப் பார்த்து 'இது நம் அப்பாவே இல்லை' என்று பதறாதீர்கள். பழனிச்சாமி என்ற பெயரை வடக்கத்தி எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு எழுதினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு நம் தலைப்பெழுத்தை விரித்துத் தாத்தாவின் பெயரை முன்னால் போட்டிருப்பார்கள். பெயரை விட எண்ணை நம்புங்கள்.

அடுத்து, எந்தெந்த மெடல் இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். 1965 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு ரக்ஷா மெடல். போர்முனைக்கே போனவர்களுக்கு சமர் சேவா ஸ்டார். 1971இல் பணியில் இருந்தவர்களுக்கு சங்ராம் மெடல். கிழக்கு முனைக்குப் போயிருந்தால் பூர்வி ஸ்டார், மேற்கு என்றால் பஷ்சிமி ஸ்டார். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு மெடல் இருந்தால் 1972இல் பட்டாளத்தில் இருந்தார். 50ஆம் ஆண்டு மெடல் இருந்தால் 1997இல் இருந்தார். இப்படிக் கூட்டிக் கழிக்க வேண்டியதுதான். பெருந்துறையிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் சங்ராம் மெடலும் 25ஆம் ஆண்டு மெடலும் பூர்வி ஸ்டாரும் இருந்தன. ரக்ஷா மெடல் இல்லை. அவர் அப்பா 1965க்கும் 1971க்கும் இடையில் சேர்ந்து, டிசம்பர் 1971இல் வங்காளத்துப் பக்கம் இருந்திருக்கிறார் என்று பத்து நிமிடத்தில் சொல்ல முடிந்தது. அவர்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக 'அப்பா காஷ்மீரில் இருந்தார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரிப்பனின் குறுக்கே சின்ன உலோகப் பட்டை இருந்தால் அதில் இடத்தின் பெயர் இருக்கும். ரிப்பன்மேல் பொட்டு அளவில் தாமரை இலை ஒன்று குத்தியிருந்தால் அது அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். போர் அறிக்கையில் அவர் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பழைய கடிதங்கள் இருந்தால் முகவரியைப் பாருங்கள். '56 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்றால் மேற்கும் வடக்கும், '99 ஏ.பி.ஓ.' என்றால் கிழக்கு.

தாத்தாவின் தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர் என்கிறார்கள். மெடல் வெண்கல நிறத்தில் இருக்கிறது. போலியா?

போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலானவர்களுக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் மால்டாக்காரர்களுக்கும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்கள் முன்னோர் துப்பாக்கியைத் தொடாமலே பாதை போட்டவராகவோ மூட்டை தூக்கியவராகவோ இருக்கக்கூடும். அதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. எனக்கென்னவோ கடல் தாண்டிப் போய் மண் வெட்டியவரின் கதையைத்தான் கேட்க ஆசை.

இன்னொரு நடைமுறைச் செய்தி: வெள்ளி மெடல்கள் நம் வீடுகளில் அதிகம் மிஞ்சவில்லை. கொலுசாகவும் அரைஞாணாகவும் உருகிவிட்டன. வெண்கலம் விலை போகாததால் தப்பித்தது.

இரண்டு உலகப் போர்களில் ஏதாவது ஒன்றில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இணையத்திலேயே தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்பா உயிரோடு இருக்கிறார். ஆனால் பேசவே மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

'எத்தனை பேரைச் சுட்டீர்கள்?' என்று கேட்காதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் களத்துச் சுவரில் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். குழந்தைகள் கேட்டால் மன்னித்துவிடலாம்; நாற்பது வயது மருமகன் கேட்கிறார்.

போரைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் பெயர் எழுதியது யார், ரிப்பனை முதன்முதலில் எங்கே தைத்தார்கள், அன்று காலை என்ன சாப்பிட்டார்கள். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் வரும்.

வெள்ளக்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பஷ்சிமி ஸ்டார் வைத்திருக்கிறார், மதராஸ் சாப்பர். 1971 டிசம்பரில் ஷகர்கர் முனையில் பசந்தர் ஆற்றங்கரைக் கண்ணிவெடி வயலில் வழி திறந்தவர்களில் ஒருவர். வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். சாப்பர்களின் 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்ட் வழி திறந்துகொடுக்க, அதன் வழியாகத்தான் பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் டாங்கிகள் கடந்தன. டிசம்பர் 16 அன்று அருண் கேத்ரபால் அங்கேதான் தன் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர் விட்டு, பரம் வீர் சக்ரா பெற்றார். சாப்பர்களில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு இறந்தபின் மகாவீர் சக்ரா கிடைத்தது.

பெரியவர் இதில் எதையும் சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், 'அந்த ஊர் மண் எப்படி இருக்கும் தாத்தா?' என்று கேட்டான். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'நம் ஊர்ச் சரளையில் கடப்பாரையே இறங்காது சாமி. அங்கே கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது' என்றார். குப்புறப் படுத்துக்கொண்டு, கம்பியைச் சாய்வாகப் பிடித்து, ஒரு சாணுக்கு ஒரு குத்து. செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும். சாய்வாகக் குத்தினால் விலாவில் படும். ராத்திரி. விளக்குக் கூடாது. விரல் மரத்துப் போனால் வாயில் வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். கம்பி எதில் முட்டுகிறது என்பதை விரல்தான் சொல்லும். 'அப்போது என்ன நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இந்த மண் நம்மிடம் ஒரு ஏக்கர் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன்.'

யாரும் சிரிக்கவில்லை. ஜமுக்காளத்தின்மேல் வலது கையை வைத்து, ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஏதோ மெல்லிய பொருளைப் பிடித்திருப்பதுபோல, சாய்வாக மூன்று முறை முன்னால் தள்ளிக் காட்டினார். மூன்றாவது தடவை கை நின்றுவிட்டது. அங்கே ஏதோ இருந்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பேசாமல் இருப்பதும் அவருடைய உரிமை. நெருக்காதீர்கள். பேச ஆரம்பித்த பிறகு தூக்கம் கெடுகிறது, கை நடுங்குகிறது என்றால் கூட்டத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டத்தில் மனநலத்துக்கும் சிகிச்சை உண்டு.

இலங்கைக்குப் போனவர்களும் வருகிறார்களா? அதைப் பேசலாமா?

வருகிறார்கள். 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை அங்கே இருந்த அமைதிப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று குண்டடிபட்ட நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. படை திரும்பி வந்து சென்னையில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் எங்கள் களத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பேச்சை மட்டும் நான் வாசலோடு நிறுத்திவிடுவேன். அரசியல் வந்தால் மெடல்காரர் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார்.

தமிழ் பேசுகிற சிப்பாய்க்கு அங்கே கிடைத்த அனுபவம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. ஓர் ஹவில்தார் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போனபோது கூட வந்தவர்கள் எல்லாரும் வடக்கத்திக்காரர்கள். முற்றத்தில் இருந்த பாட்டி இவர் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, 'தம்பி, நீங்களும் தமிழோ?' என்று கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை. 'ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஒன்றும் குடி முழுகியிருக்காது' என்றார். பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த ஒரு பத்தியை எழுத மட்டும் பிறகு அனுமதி வாங்கினேன்.

ஒருவர் சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும்?

முழுக்கத் தெரியாது. ஐம்பது ஆண்டு பழைய நினைவு கொஞ்சம் வளர்ந்துதான் இருக்கும். வேப்ப மரம்கூட வளர்கிறது. ஆனால் வீர விருது என்று ஒருவர் சொன்னால் அரசிதழ் அறிவிப்பிலும் மத்திய அரசின் வீர விருதுகள் இணையதளத்திலும் சரிபார்த்துவிடுவோம். அதில் சலுகை இல்லை.

ஒருமுறை ஒருவர் கார்கில் சிகரத்தில் ஏறிய கதையை அருமையாகச் சொன்னார். ஜமுக்காளத்தில் அவர் வைத்திருந்தது ஆபரேஷன் விஜய் மெடல். போர்க்களத்தில் இறங்கியவர்களுக்குக் கொடுத்தது ஆபரேஷன் விஜய் ஸ்டார். மெடல் என்பது அந்த நடவடிக்கைக்காக மற்ற இடங்களில் திரட்டப்பட்டவர்களுக்கு. பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற சுபேதார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். டீ நேரத்தில் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அவரே எழுந்து, தான் பஞ்சாபில் ஒரு வெடிமருந்துக் கிடங்கில் இருந்ததாகச் சொன்னார். கார்கிலில் நம் பீரங்கிகள் இரண்டரை லட்சம் குண்டுகளுக்கு மேல் சுட்டன. ஒவ்வொரு குண்டும் யாரோ ஒருவரின் தோளில் ஏறித்தான் லாரிக்குப் போயிருக்கும். நாற்பத்துச் சொச்சம் கிலோ எடையைப் பகலும் இரவும் தூக்கி, தோல் உரிந்து, சட்டை ஒட்டிக்கொண்டு, அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழற்றிய கதை. சிகரக் கதையைவிட இது எவ்வளவோ மேல். சுபேதார்தான் முதலில் கை தட்டினார்.

பெண்களும் வரலாமா?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும். படையில் பணிபுரிந்த பெண்கள் வருகிறார்கள். மனைவிமார் வந்தால்தான் கதையின் மறுபாதி கிடைக்கும். அவர் பனியில் இருந்த அதே மாதத்தில் இங்கே கிணறு வற்றியது, மாடு செத்தது, மணியார்டர் வரவில்லை, கைக்குழந்தைக்கு அம்மை போட்டது. ஒரு அம்மா சொன்னார்: 'அவருக்கு 20 வருட மெடல் கொடுத்தார்கள். அதில் 17 வருடம் வீட்டில் நான் ஒருத்தி.' அவர் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை.

விமானப் படை, கடற்படைக்காரர்கள்?

தாராளமாக. சூலூரில் விமானம் பழுது பார்த்தவர்கள் நான்கைந்து பேர் வழக்கமாக வருகிறார்கள். விமானப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் நிர்மல்ஜித் சிங் செகோன் ஒருவர்தான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரின் வானத்தில் தனி விமானமாக நின்று போரிட்டவர். அவர் பறந்த 18ஆம் படைப்பிரிவு 2020இல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கியது சூலூரில்தான். நம் தலைக்கு மேல் காதைப் பிளந்துகொண்டு போனது அதுவாகவும் இருந்திருக்கலாம்.

மெடல் கறுத்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

புளி போடாதீர்கள். சாம்பல் போடாதீர்கள். பித்தளைக் குடம் துலக்குகிற எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பாலீஷும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். ரிப்பனை நனைக்கவே கூடாது, சாயம் போய்விடும். வெயில் படுகிற சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் ஐந்தாறு ஆண்டில் நிறம் வெளுத்துவிடும். இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

தொலைந்துபோன மெடலைத் திரும்ப வாங்க முடியுமா?

அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் படையான ஈ.எம்.ஈ.க்குச் செகந்திராபாத். டிஸ்சார்ஜ் புக்கின் நகலும் ராணுவ எண்ணும் அவசியம். எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். பொறுமை வேண்டும்.

பேரன் அந்த மெடலை மார்பில் குத்திக்கொண்டு வரலாமா?

வேண்டாம். கையில் ஏந்தி வரட்டும்.

சொல்கிற கதையைப் பதிவு செய்வீர்களா?

சொல்பவர் சரியென்றால் குரலை மட்டும் பதிவு செய்து, ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொடுத்துவிடுவோம். சமீபத்திய நடவடிக்கைகள், இன்றும் படை இருக்கும் முகாம்கள் பற்றிப் பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிடுவோம். பழைய சிப்பாய்களுக்கு அது சொல்லாமலே தெரியும். மெடலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் விளிம்பில் இருக்கும் எண் தெரியாமல் எடுங்கள். ஓய்வூதிய ஆணையைப் படமெடுத்துப் போடவே போடாதீர்கள்.

சாப்பாடு உண்டா?

மதியம் அரிசியும் பருப்பும் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், மோர். சமைப்பது அந்த அந்தியூர்ச் சமையல்காரர்தான். ரப்பர் வளையத்தை நான்கு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குக்கரை மூடுவார்.

உங்கள் வீட்டு மெடலின் கதை என்ன?

எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் கடைசிக்குத் தள்ளி வைத்தேன்.

மெடல்காரர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. மூன்று மெடல்கள்: சைன்ய சேவா, ரக்ஷா, சமர் சேவா ஸ்டார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அமுச்சி அவற்றை அரிவாள், கொடுவாள், தையல் மிஷினோடு திண்ணைக்குக் கொண்டுவந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். முப்பத்தைந்து ஆயுத பூஜைகள். இப்போது விளிம்பில் விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் இல்லை. படைப்பிரிவின் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் மிச்சம். டிஸ்சார்ஜ் புக்கைக் கறையான் தின்றுவிட்டது. அப்புச்சி போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

1965இல் போர்முனையில் இருந்தார் என்பதை அந்த ஸ்டார் சொல்கிறது. எந்த முனை, எந்தப் பிரிவு, ஒன்றும் தெரியாது. எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். அமுச்சி மூன்று மெடல்களுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வருவார். ஸ்டாரின் முறை வரும்போது அப்புச்சி எங்கிருந்தாலும் எழுந்து வந்து அதை மட்டும் எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொள்வார். அதற்குப் பொட்டு வைக்க விட்டதே இல்லை.

சென்ற மாதம் அமுச்சியைக் களத்துக்கு அழைத்து வந்தேன். ஜமுக்காளத்தில் மெடல்களை வைத்துவிட்டு, ஏன் அப்படி என்று கேட்டேன்.

'நான் கேட்டதில்லை கண்ணு' என்றார்.